போட்ட எண்ணை மறுபடி போடாதீர்கள்: பேக்கேஜ் பெயர், பதிப்பு எண் குறித்த வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், லினக்ஸில் மென்பொருளை நிறுவத் தரும் கோப்பான பேக்கேஜின் பெயரையும் பதிப்பு எண்ணையும் பற்றியவை. ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். வழக்கமான வேண்டுகோள்: பேக்கேஜின் பெயர், முழுப் பதிப்பு எண், கணினி வகை மூன்றையும் எழுதி அனுப்புங்கள். "புதியது", "பழையது" என்பவை பதிப்பு எண்கள் அல்ல.

கேள்வி: என்னிடம் 1.9 இருக்கிறது. பேக்கேஜ்களைத் தரும் களஞ்சியத்தில் 1.10தான் இருக்கிறது, அதற்கு மாறச் சொல்கிறது. 1.9 பெரிது, 1.10 சிறிது அல்லவா? (கல்லூரி மாணவர், விருத்தாசலம்)

அது தசமப்புள்ளி அல்ல. கணக்குப் புத்தகத்தில் பயிற்சி 3.9 முடிந்ததும் 3.10 வருகிறதே, அதே முறை. புள்ளிக்கு இருபுறமும் தனித்தனி முழு எண்கள். பத்து ஒன்பதைவிடப் பெரிது. மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மடிக்கணினியில் இருப்பது இன்டெல். பேக்கேஜ் கோப்பின் பெயரிலோ ஏஎம்டி64 என்று இருக்கிறது. போடலாமா? (லாஸ்பேட்டை)

தாராளமாகப் போடலாம். இன்று நாம் பயன்படுத்தும் 64-பிட் கட்டளைத் தொகுதியை முதலில் வடிவமைத்தது ஏஎம்டி. 2003இல் அந்நிறுவனத்தின் ஆப்டெரான் சில்லோடு சந்தைக்கு வந்தது. இன்டெல் பின்னர் அதையே ஏற்றுக்கொண்டது. டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள் முதலில் வைத்த பெயரை விடவில்லை. ஆர்பிஎம் என்ற வேறு பேக்கேஜ் வடிவைப் பயன்படுத்தும் ஃபெடோரா போன்ற லினக்ஸ் குடும்பத்தில் இதையே எக்ஸ்86_64 என்பார்கள். "ஆல்" என்று முடிந்தால் எல்லா வகைக் கணினிக்கும் பொது. ஆர்ம்64 என்று முடிந்தால் அது ஆர்ம் வகைச் சில்லுக்கானது, உங்கள் மடிக்கணினிக்கு ஆகாது.

கேள்வி: ஐயா, லேட்டஸ்ட் பேக்கேஜைப் போட்டேன். பிழை வருகிறது. உடனே தீர்வு சொல்லவும். (நெல்லிக்குப்பம்)

எந்தப் பேக்கேஜ்? எந்தப் பதிப்பு? திரையில் வந்த பிழைச் செய்தியின் ஒரு வரிகூடக் கடிதத்தில் இல்லை. மூன்று விவரங்களையும் எழுதுங்கள், அடுத்த முறை பார்க்கலாம்.

கேள்வி: பள்ளிக் கணினிகளில் தமிழ் வசதிகளைப் போடுகிறேன். ஒன்றில் டிஏ, இன்னொன்றில் டிஏஎம், வேறொன்றில் டிஏஎம்எல் என்று இருக்கிறது. எது சரி? எல்10என், எம்17என் என்று நடுவில் எண்கள் வருவது ஏன்? (ஆசிரியை, வில்லியனூர்)

நல்ல கேள்வி, கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுமே சரி. டிஏ என்பது தமிழ் மொழிக்கான ஈரெழுத்துக் குறியீடு, டிஏஎம் அதே மொழிக்கான மூவெழுத்துக் குறியீடு. நான்கு எழுத்தாக வரும் டிஏஎம்எல் தமிழ் எழுத்து வடிவத்தைக் குறிப்பது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளின் பட்டியல்களைத் தமிழில் காட்டும் பேக்கேஜ் மொழி தொடர்பானது. அதன் முடிவில் டிஏ. எழுத்துருக்கள் வடிவம் தொடர்பானவை, அவற்றில் டிஏஎம்எல். டெசராக்ட் என்ற எழுத்துணரிக்குத் தமிழில் இரண்டு பேக்கேஜ்கள் உண்டு: மொழிக்காக டிஏஎம் என்று முடிவது ஒன்று, எழுத்து வடிவத்துக்காக டிஏஎம்எல் என்று முடிவது மற்றொன்று.

எண்கள் வெறும் சுருக்கம். லோக்கலைசேஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே பத்து எழுத்துகள் இருப்பதால் எல்10என். மல்ட்டிலிங்குவலைசேஷனில் அதே போலப் பதினேழு. தமிழ்த் தட்டச்சுக்கு நீங்கள் தேடுவது ஐபஸ்-எம்17என்.

கேள்வி: கடலூரில் சிறு கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதித் தருகிறேன். 2.4-1 என்று கொடுத்த பிறகு ஒரே ஒரு வரியில் பிழை கண்டேன். திருத்திவிட்டு அதே 2.4-1 என்ற பெயரிலேயே மறுபடி கொடுத்தால் என்ன? ஒரு வரிக்காகப் புது எண் வேண்டுமா? (மஞ்சக்குப்பம்)

வேண்டும். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. போட்ட எண்ணை மறுபடி போடாதீர்கள். ஒரு வரி மாறினாலும், ஒரு காற்புள்ளி மாறினாலும், வெளியே போய்விட்ட எண் போனதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் கடலூர் முதுநகரில் ஒரு மீன் கிடங்கிலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு கணினிகள், எல்லாம் டெபியன். கணக்கர் இரண்டு ரசீதுகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஐஸ் பெட்டியின் ஈரம் பட்டு இரண்டிலும் ஓரம் ஊறியிருந்தது. ஒரே வஞ்சிரம், ஒரே எடை 37.5 கிலோ, ஒரே விலை கிலோ 491 ரூபாய். ஒன்றில் மொத்தம் 18,412.50. மற்றொன்றில் 18,413. அரை ரூபாய்தான். ஆனால் நாளொன்றுக்குச் சில நூறு ரசீதுகள் போகிற இடம் அது. மாலையில் பெட்டியை எண்ணும்போது கணக்கு இடிக்கும், கல்லாவில் நின்ற பையன்மேல் சந்தேகம் போகும். போயிருந்தது. அவன் ஒரு வாரமாக யாரிடமும் பேசாமல் நின்றுகொண்டிருந்தான்.

எல்லாக் கணினிகளிலும் பதிப்பைப் பார்த்தேன். பன்னிரண்டிலும் ஒரே எண். நிறுவிய கோப்புகள் சிதைந்திருக்குமோ என்று, டெபியனில் பேக்கேஜை நிறுவும் கருவியான டிபிகேஜியின் சரிபார்ப்பை ஓட்டினேன். ஒவ்வொரு கணினியும் தன்னளவில் சரி என்றே சொன்னது, ஏனென்றால் ஒவ்வொரு பேக்கேஜும் தன் கோப்புகளுக்கான சரிபார்ப்புக் கூட்டலை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) தானே சுமந்து வருகிறது. அச்சுப்பொறி, மொழி அமைப்பு, தசம அமைப்பு என்று எல்லாவற்றையும் புரட்டியதில் இரண்டு நாள் போயிற்று. கடைசியில் நிரலின் எம்டி5 என்ற வகைச் சரிபார்ப்புக் கூட்டலை எல்லாக் கணினிகளிலும் எடுத்துத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினேன். முதல் ஏழும் ஒன்று, அடுத்த ஐந்தும் வேறு. எழுதித் தந்தவர் பைசாவை முழு ரூபாயாக்கும் வரியைத் திருத்திவிட்டு அதே எண்ணில் மறுபடி அனுப்பியிருக்கிறார். ஏழு கணினிகளில் முதலாவது இருந்தது. பின்னால் வாங்கிய ஐந்தில் இரண்டாவது ஏறியது. பழையவற்றைப் புதுப்பிக்கச் சொன்னால், "ஏற்கெனவே இருப்பது இதுதான்" என்று கணினி சரியாகவே மறுத்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்தான். எழுதியவர் மனத்தில் இருந்த திருத்தம் அதற்குத் தெரியாது.

ஆகவே ஒரு வரிக்கு ஓர் எண் மலிவு. நிரலில் மாற்றமென்றால் 2.4.1-1. நிரல் அப்படியே இருக்க, பேக்கேஜ் செய்த முறையில் மட்டும் மாற்றமென்றால் கோட்டுக்குப் பின்னால் உள்ளதை ஏற்றி 2.4-2. வெளியிட்ட 2.5 மோசமாகி, 2.4க்கே திரும்ப வேண்டுமா? அப்போதும் எண்ணை இறக்காதீர்கள். டெபியன்காரர்கள் 2.5+ரியலி2.4 என்று எழுதுவார்கள்: வரிசையில் 2.5க்கு மேல், உள்ளே இருப்பது 2.4. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் யாரையும் ஏமாற்றாது. வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பென்றால் 2.5~ஆர்சி1 என்று அலைக்குறி போடுங்கள். அந்தக் குறி ஒன்றுதான் வெறுமைக்கும் முன்னால் நிற்கும், அதாவது 2.5~ஆர்சி1 வெறும் 2.5க்குக் கீழே. அதனால் 2.5 வந்ததும் அது மேலே போய்விடும். குறியில்லாமல் 2.5ஆர்சி1 என்று எழுதினால் சோதனைப் பதிப்பு இறுதிப் பதிப்பைவிடப் பெரிதாகி, வாடிக்கையாளர் கணினியில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

கேள்வி: டெபியனின் ஒரு பேக்கேஜில் சிறு மாற்றம் செய்து, பதிப்பின் முடிவில் +பாண்டி1 என்று சேர்த்து அலுவலகக் கணினிகளில் போட்டேன். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்ததாகப் படித்தேன், எங்களுக்கு மட்டும் வரவில்லை. (முதலியார்பேட்டை)

வராது. டெபியன் 12இன் பாதுகாப்புத் திருத்தங்கள் +டெப்12யு1 என்பது போல முடியும். உங்களுடையது +பாண்டி1. கூட்டல் குறிக்குப் பின் ஆங்கில அகரவரிசையில் ஒப்பிடுகிறது. பாண்டியின் முதல் எழுத்து டெபின் முதல் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. எனவே உங்கள் பதிப்பே புதியது என்று முடிவு செய்கிறது. கடலூர் என்று சேர்த்திருந்தால் தப்பித்திருப்பீர்கள், ஆங்கிலத்தில் அதன் முதல் எழுத்தான சி முன்னால் வருகிறது. ஊர்ப்பெயரை நம்பிப் பாதுகாப்பை விடலாமா? +0பாண்டி1 என்று சுழியத்தை முன்னால் வையுங்கள். மூலப் பதிப்புக்கு மேலும் பாதுகாப்புத் திருத்தத்துக்குக் கீழும் நிற்கும். ஐயமிருந்தால் டிபிகேஜியிடமே இரண்டு எண்களையும் கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம், அதற்கென்றே ஒரு விருப்பம் இருக்கிறது. இப்போதைக்கு, பாதுகாப்புப் பதிப்பின் முழு எண்ணையும், களஞ்சியத்திலிருந்து பேக்கேஜை எடுத்து நிறுவும் கருவியான ஆப்டிடம் கொடுத்து, பதிப்பு எண்ணை இறக்க அனுமதித்து, எல்லாக் கணினிகளிலும் கையால் போடுங்கள். தானாகச் சரியாகாது. இன்றே செய்யுங்கள்.

கேள்வி: தணிக்கைக்கு வந்தவர்கள் எங்கள் சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் மென்பொருள்) 9.2 பழையது, 9.8 வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். டெபியன் 12இல் 9.8 கிடைக்கவில்லை. வெளியிலிருந்து இறக்கிப் போடவா? (தனியார் அலுவலகம், புதுச்சேரி)

போடாதீர்கள். நிலையான வெளியீட்டில், மென்பொருளை எழுதியவர்கள் வெளியிட்ட மூலப் பதிப்பை டெபியன் பொதுவாக மாற்றுவதில்லை. ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே சேர்க்கிறது. 2024 ஜூலையில் பெரிதாகப் பேசப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எச் ஓட்டை மூலத்தில் 9.8இல் அடைபட்டது, டெபியன் 12இல் 9.2பி1-2+டெப்12யு3இல் அடைபட்டது. தணிக்கைக் கருவி 9.2 என்பதோடு நிறுத்திக்கொண்டது. வால்பகுதியையும் படியுங்கள். பேக்கேஜின் மாற்றக் குறிப்பில் அந்த ஓட்டையின் எண் பதிவாகியிருக்கும், அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பதிலோடு இணையுங்கள். யு3க்குக் கீழே இருந்தால் மட்டும் தணிக்கையாளர் சொன்னது சரி, உடனே புதுப்பியுங்கள்.

கேள்வி: தேதியையே பதிப்பு எண்ணாக வைக்கிறேன். 31122024க்குப் பிறகு 05012025 வெளியிட்டேன். யாருக்கும் போய்ச் சேரவில்லை. (நெய்வேலி)

கணினி அதை ஏறக்குறைய 3.1 கோடி, 50 லட்சம் என்று படிக்கிறது. ஆண்டு, மாதம், நாள் என்று எழுதியிருக்க வேண்டும். இப்போது 20250105 என்று மாற்றினாலும் பயனில்லை, அதுவும் 3.1 கோடிக்குக் கீழேதான்.

மிச்சமிருப்பது எபோக். தெருவில் வீட்டு எண்களை மாற்றியபோது "பழைய எண் 14, புதிய எண் 6" என்று எழுதினார்களே, அந்தப் "புதிய" என்ற சொல்லின் வேலையை எபோக் செய்கிறது. முன்னால் 1: என்று சேர்த்தால் அதற்கு முந்தைய எண்கள் எல்லாமே கீழே போய்விடும். ஆனால் ஒருமுறை சேர்த்தால் பிறகு எடுக்க முடியாது. கோப்பின் பெயரிலும் அது தெரியாது, அதனால் குழப்பம் வரும். வேறு வழி இல்லாதபோது மட்டும் தொடுங்கள். உங்களுக்கு வேறு வழி இல்லை. 1:0~20250105 என்று போடுங்கள், நாளைக்கு 1.0 என்று முறையான எண்ணுக்கு வரும்போது இன்னொரு எபோக் தேவைப்படாது.

கேள்வி: லிப்சி6 என்று இருபது வருடமாகப் பார்க்கிறேன். 7 எப்போது வரும்? லிப்எஸ்எஸ்எல்3டி64 என்பதில் டி64 என்ன? (பண்ருட்டி)

லிப்சி, லிப்எஸ்எஸ்எல் இரண்டும் மற்ற நிரல்கள் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்புகள். லிப்சியின் அந்த 6 பதிப்பு எண் அல்ல, பெயரின் பகுதி. பழைய நிரல்கள் இதை நம்பி ஓடலாம் என்ற உத்தரவாதத்தின் எண். டெபியன் 12இல் உள்ளே இருக்கும் பதிப்பு 2.36, உத்தரவாதம் முறியாதவரை 6 மாறாது. முறிந்தால் பெயர் மாறும். அதனால்தான் லிப்எஸ்எஸ்எல்1.1உம் லிப்எஸ்எஸ்எல்3உம் வேறு வேறு பேக்கேஜ்கள். ஒன்று கேட்கும் நிரலுக்கு மற்றதைக் கொடுக்க முடியாது. பழையதை ஏதோ ஒரு தளத்திலிருந்து இறக்கிப் போடவும் கூடாது, அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது.

டி64 நேரக் கணக்கைப் பற்றியது. நொடிகளை 32 பிட்டில் எண்ணும் கணினிகளுக்கு 2038 ஜனவரி 19இல் இடம் தீர்ந்துவிடும். அதை 64 பிட்டுக்கு மாற்றியபோது உத்தரவாதம் முறிந்தது, பெயரில் டி64 சேர்ந்தது. உபுண்டு 24.04இலும் டெபியன் 13இலும் பார்க்கலாம். உங்கள் 64-பிட் கணினியில் பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கேள்வி: லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் 5.19க்குப் பிறகு 6.0 ஆனது. அப்படியென்ன பெரிய மாற்றம்? (பரங்கிப்பேட்டை)

எண்ணில் மட்டும். இரண்டாவது எண் இருபதை நெருங்கும்போது லினக்ஸை உருவாக்கிய லினஸ் முதல் எண்ணை ஏற்றிவிடுகிறார்: 3.19க்குப் பின் 4.0, 4.20க்குப் பின் 5.0. உபுண்டுவின் எண்ணுக்கோ பொருள் உண்டு, 24.04 என்றால் 2024 ஏப்ரல். 2006இல் ஏப்ரலில் வரவேண்டியது ஆறு வாரம் தள்ளிப்போய் ஜூனில் வந்ததால் 6.06 என்றே வெளியிட்டார்கள்.

கேள்வி: என் பேக்கேஜுக்குப் பெரிய எழுத்தும் அடிக்கோடும் கலந்து பெயர் வைத்தேன். டெபியன் ஏற்கவில்லை. (பாகூர்)

ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், கூட்டல், இடைக்கோடு, புள்ளி இவை மட்டுமே. குறைந்தது இரண்டு எழுத்து. தொடக்கத்தில் எழுத்தோ எண்ணோ இருக்க வேண்டும். அடிக்கோடு கோப்பின் பெயரில் பேக்கேஜின் பெயரையும் பதிப்பையும் கணினி வகையையும் பிரிக்கும் வேலையில் இருக்கிறது, அதை உங்களுக்குத் தர முடியாது. இடைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.