அந்தத் தலைவலியைச் சும்மா விடாதீர்கள்

கேள்வி: தென்னை மரத்திலிருந்து விழுந்த என் கணவருக்குத் தண்டுவடம் நெஞ்சுப் பகுதியில் (டி4) அடிபட்டு ஐந்து மாதம் ஆகிறது. மரத்துக் கிடந்த கால்கள் இப்போது தானாக உதறுகின்றன. நடந்துவிடுவாரா? ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யூடியூபில் சொல்கிறார்களே? நடுவில் இரண்டு முறை மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகமெல்லாம் வியர்வை, பி.பி. 170. மாமியாரின் பி.பி. மாத்திரையைக் கொடுத்துச் சமாளித்தேன்.

பதில்: முதலில் அந்த மாத்திரையை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள், அம்மா. போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தத் தலைவலிதான் ஆபத்து.

மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்குவது காலைத் தூக்கு, மடக்கு என்ற உத்தரவு மட்டுமா? ரத்தக் குழாய்களை அடக்கி வைக்கும் கட்டுப்பாடும் அந்த வழியாகத்தான் போகிறது. டி6 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்; எண் குறையக் குறைய மேலே) அல்லது அதற்கு மேலே அடிபட்டவர்களுக்கு அது கீழே எட்டுவதில்லை. சிறுநீர்ப்பை முட்டினால் அவருக்கு உணர்வு இருக்காது. ஆனால் காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் உணர்ந்து, வயிற்றிலும் காலிலும் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடும். பி.பி. எகிறும். வழக்கமாக 90, 100 என்று இருக்கும் இவர்களுக்கு 170 மிக அதிகம். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம்.

மறுபடி வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். இடுப்பில் இறுக்கமாக எது இருந்தாலும் தளர்த்துங்கள். அப்புறம் மூத்திர டியூபைப் பாருங்கள். தொடைக்கடியில் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா, வெகுநேரமாகச் சொட்டே இறங்கவில்லையா? பெரும்பாலும் கோளாறு அங்கேதான். இல்லையென்றால் மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம். காரணம் விலகினால் பி.பி. தானாக இறங்கும்; அதோடு கண்ட மாத்திரையும் சேர்ந்தால் அதலபாதாளத்துக்குப் போய்விடும். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் 108. 'தண்டுவடக் காயம் டி4, ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா' (இப்படி பி.பி. எகிறுவதற்கான மருத்துவப் பெயர்) என்று ஒரு சீட்டில் எழுதி வைத்திருங்கள். இதைப் பார்த்துப் பழகாத டாக்டர்களும் உண்டு.

அடங்கிவிட்டாலும் இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே இரண்டு முறை வந்துவிட்டது.

கால் உதறலுக்குப் பயப்படவும் வேண்டாம், சாமிக்கு நேர்ந்துகொள்ளவும் வேண்டாம். அடிபட்ட புதிதில் முடங்கிக் கிடந்த கீழ்த் தண்டுவடம் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். மேலிருந்து அடக்க ஆளில்லாததால் போர்வையை இழுத்தாலே கால் உதறும். திடீரென்று அதிகமானால் மட்டும் மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள். உதறலைக் குறைக்கும் பேக்லோஃபென் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பே வரலாம்.

நடப்பாரா என்பதை உதறலை வைத்துச் சொல்ல முடியாது. கால் விரலை அசையுங்கள் என்றதும் அசைகிறதா, ஆசனவாயைச் சுற்றித் தொட்டால் தெரிகிறதா என்று மறுவாழ்வு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இரண்டில் ஒன்று இருந்தாலும் கதை வேறு. இரண்டுமே இல்லையென்றால், ஐந்து மாதம் கழித்து, நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இதை உங்களிடம் மறைத்து என்ன பயன்? அவர் கைகள் நன்றாக இருக்கின்றன. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே மாறும் பயிற்சியை உடனே ஆரம்பியுங்கள்.

ஸ்டெம் செல்? ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு அதை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.