கேள்வி-பதில்: சாக்ஸ் பின்ன நூல் வாங்கியவர்கள்

கே: டொராண்டோவில் இருக்கும் மகனுக்கு ஜடைப் பின்னல் சாக்ஸ் பின்ன, பாரிமுனையில் ‘ப்யூர் உல்லன்’ என்று கேட்டு நூல் வாங்கினேன். உருண்டை 90 ரூபாய். போட்டவன், கால் வியர்த்து அப்புறம் சில்லிட்டுப் போகிறது என்கிறான். ஏமாந்துவிட்டேனா? – மயிலாப்பூர் வாசகி

ப: ஏமாற்றிவிட்டார்கள் அம்மா. கேட்டுத்தானே வாங்கினீர்கள், உங்கள் தப்பு என்ன இருக்கிறது? நம் கடைகளில் புசுபுசுவென்று இருக்கும் எல்லாமே ‘உல்லன்’தான். அதில் பெரும்பாலானது அக்ரிலிக், பெட்ரோலியத்திலிருந்து வரும் செயற்கை இழை. அக்ரிலிக் விற்பதில் தவறில்லை, குழந்தைத் தொப்பிக்கு நானே வாங்குவேன். அதை ஆட்டு ரோமம் என்று விற்பதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பளி தன் எடையில் சுமார் 30% ஈரத்தை உள்ளே இழுத்தும் கையில் ஈரம் தெரியாது. அக்ரிலிக் அப்படி இழுக்காது, வியர்வை காலிலேயே நிற்கும்.

ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேல் கொளுத்துங்கள். கம்பளி என்றால் முடி பொசுங்கும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். ஒரு கண்காட்சியில் ‘பஷ்மினா’ என்று பன்னிரண்டு உருண்டை வாங்கிய நான், இந்தச் சோதனையை வீட்டுக்கு வந்த பிறகுதான் செய்தேன். முதல் உருண்டையே உருகியது. மிச்சம் பதினொன்றும் பரணில் இருக்கின்றன.

அடுத்த முறை லேபிளில் 75% கம்பளி, 25% நைலான் என்று இருக்கிறதா பாருங்கள். நைலான் சேராத சாக்ஸில் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகும்.

கே: 2.25 மி.மீ. மூங்கில் ஊசி, ஐந்து கொண்ட செட். இரண்டு உடைந்துவிட்டன. – தாம்பரம்

ப: அந்தப் பருமனில் ஸ்டீல் வாங்குங்கள்.

கே: ஒரு சாக்ஸ் முடிந்ததும் நூல் தீர்ந்தது. அதே நிற எண்ணில் வாங்கினால் நிறம் லேசாக வேறுபடுகிறது. கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? – வேளச்சேரி

ப: எதற்கு? நிற எண்ணுக்குப் பக்கத்தில் லாட் நம்பர் என்று ஒன்று இருக்கும், ஒரே தொட்டியில் சாயம் ஏறியதற்கு அடையாளம் அது. சாதா சாக்ஸ் ஜோடிக்கு 100 கிராம், சுமார் 400 மீட்டர், பொதுவாகப் போதும். ஜடை போட்டால் துணி உள்ளே இழுக்கும், கண்ணிகள் கூடும், நூலும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொரு 50 கிராமை அன்றே, அதே லாட்டில் வாங்கியிருக்க வேண்டும். லேபிளைப் படிக்க எத்தனை தடவை சொல்வது?

கே: உருண்டைக்குள் ஐந்து முடிச்சு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற போர்டைக் காட்டுகிறார் கடைக்காரர். – அண்ணா நகர்

ப: போர்டு சட்டமாகிவிடாது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள். ஒரு முடிச்சு சகஜம், ஐந்து அநியாயம். பில்லோடு இன்னொரு முறை போய்க் கேளுங்கள், மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள். நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க மட்டும் இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

கே: கணவருக்குப் பின்னிய சாக்ஸை வாஷிங் மெஷினில் போட்டேன், பேரன் அளவுக்குச் சுருங்கிவிட்டது. நஷ்டஈடு கிடைக்குமா? லேபிளில் ‘கையால் துவைக்கவும்’ என்று இருந்தது. – அடையாறு

ப: கிடைக்காது. ஆனால் அப்படிச் சுருங்கியிருந்தால் அது அசல் கம்பளி. எந்தக் கடையில் வாங்கினீர்கள்?