குவாரி வருமுன் கிணற்றை அளந்து வையுங்கள்

கேள்வி: எங்கள் கண்மாயின் வரத்துக்காலை ஒட்டிய பட்டா நிலத்தில், இரண்டு ஹெக்டேரில் கிராவல் குவாரிக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். மேல்மண்ணைத்தான் எடுப்பதால் தண்ணீருக்குப் பாதிப்பு வராது என்கிறார்கள். சுற்றிலும் பாசனக் கிணறுகள் உள்ளன. நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?
(வாசகர், சிவகங்கை மாவட்டம்)

பதில்: எத்தனை மீட்டர் ஆழம் தோண்டுவார்கள் என்பதைவிட, தோண்டி முடித்த குழியின் தரைமட்டம், மழைக்காலம் முடிந்தபின் பக்கத்துக் கிணறுகளில் நிற்கும் நீர்மட்டத்துக்கு மேலே இருக்குமா, கீழே போகுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சரளை மண் மழைநீரை உள்வாங்கி, வடிகட்டி, மெல்லக் கீழே இறக்கும் அடுக்காகும். அடியில் பாறை இருக்கும் ஊர்களில், கிணறுகளுக்கு ஊற்று தருவது பெரும்பாலும் இந்த மேலடுக்கும் அதை ஒட்டிய சிதைந்த பாறையுமே. குழி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஊற்று குழிக்குள் திரும்பும். அதை மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றினால் அக்கம்பக்கத்துக் கிணறுகளில் நீர் இறங்கும்.

மே மாதத்தில் எடுத்த ஓர் அளவை மட்டும் காட்டி, நீர் வெகு ஆழத்தில் இருக்கிறது என்று சொன்னால் ஏற்காதீர்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. அதே மாதங்களில் உங்கள் கிணறுகளையும் அளந்து வையுங்கள். முதல்நாள் மாலையே மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் கைப்பிடிச் சுவரின் ஒரே இடத்திலிருந்து நாடாவை இறக்கி அளந்து, தேதியோடு எழுதி, கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டு வைப்பது நல்லது. குவாரி தொடங்கியபின் நீர் குறைந்துவிட்டது என்று வாய்மொழியாகச் சொல்லும் புகார், முன்னளவு இல்லாவிட்டால் எங்கும் நிற்பதில்லை.

அடுத்தது, கண்மாய்க்குப் போகும் மழைநீர். இரண்டு ஹெக்டேரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 10 லட்சம் லிட்டர். அதில் கலந்த மணல் சில நிமிடங்களில் படிந்துவிடும். களிமண்ணின் நுண்துகள் அசையாத நீரிலும் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ மூன்று நாள் எடுக்கும். ஆகவே, சிறிய வண்டல் தொட்டி ஒன்றைக் கட்டிக் காட்டிவிட்டால் போதாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கலங்கல் நீர் அதைத் தாண்டி வரத்துக்காலில் இறங்கிவிடும். வெளியிலிருந்து வரும் நீர் குழிக்குள் நுழையாமல் சுற்று வாய்க்கால் வழியே வரத்துக்காலுக்குப் போக வேண்டும், குழிக்குள் விழும் மழைநீர் வெளியேறாமல் உள்ளேயே தங்க வேண்டும் என்ற இரண்டையும் நிபந்தனையாக எழுதச் சொல்லுங்கள். என் பார்வையில், வரத்துக்காலின் கரையில் கைவைக்காதிருப்பது இவற்றைவிடவும் முக்கியம்.

ஐந்து ஹெக்டேருக்குக் குறைவு என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று யாரேனும் சொன்னால் அது தவறு. உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரி 27 அன்றே அந்த விலக்கை மூடிவிட்டது. இவ்வளவு சிறிய குவாரிக்குத் தனியாகப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்காது என்றாலும், 500 மீட்டருக்குள் அதே வகைக் கனிமக் குவாரிகள் இருந்து மொத்தப் பரப்பு ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் நிலைமை மாறும். ஆகவே சுற்றியுள்ள குவாரிகளின் பட்டியலைக் கனிமவளத் துறையிடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். அனுமதி வழங்கப்பட்டுவிட்டால், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள்.

கேள்வி: வேலை முடிந்ததும் குழியைக் குளமாக விட்டுவிடுவோம் என்கிறார்களே, அது ஊருக்கு நல்லதுதானே?
(அதே வாசகர்)

பதில்: எல்லாக் குழியும் குளமாகிவிடாது. வடிகட்டும் மண் அகற்றப்பட்ட இடத்தில் தேங்கும் நீரில் குப்பையோ கழிவுநீரோ கலந்தால், அது நேரே நிலத்தடி நீரில் சேரும். செங்குத்தான கரையுள்ள குழியில் தவறி விழும் குழந்தையோ ஆடுமாடோ ஏறி வர வழியிருக்காது. கரைகளைச் சரிவாக்குவது, முதலிலேயே தனியாகக் குவித்துவைத்த மேல்மண்ணை அவற்றின் மேல் பரப்பிப் புல் பிடிக்கவைப்பது, வேலி போடுவது, குத்தகை முடிந்தபின் அந்த வேலியைப் பராமரிப்பது யார் என்பது ஆகிய நான்கும் சுரங்க மூடல் திட்டத்தில் செலவுத் தொகையோடு எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், அனுமதி வழங்குவதற்கு முன்பே மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கும் எழுத்துப்பூர்வமாக அனுப்புங்கள்.