பிராக் யூதப் பேட்டை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிராக் நகரில் குடியேறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் யோசெஃபோவுக்கு, அதாவது பழைய யூதப் பேட்டைக்கு, அழைத்துப் போவது என் வேலை. பல கைடுகளின் பின்னால் நடந்து, கேட்டு, பிறகு வீட்டில் படித்துச் சரிபார்த்ததில் சேர்ந்த விஷயங்கள் இவை. கைடு டூர் போகிறவர்கள் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேடம், எங்கள் குழு சனிக்கிழமை காலை பிராக் வருகிறது, ஞாயிறு காலையே வியன்னா கிளம்புகிறது. சனிக்கிழமை பார்த்துவிடலாம்தானே? (சேலம்)

முடியாது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள். ஜெப ஆலயங்கள் (யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள்), கல்லறைத் தோட்டம், எல்லாம் மூடியிருக்கும். யூதப் பண்டிகை நாட்களிலும் அப்படித்தான். வெள்ளி மாலையில் "பழைய-புதிய ஜெப ஆலயம்" என்ற பெயருள்ள கட்டடத்தை ஓய்வு நாள் தொடங்குமுன்பே மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் சூரியன் நாலு மணிக்கே இறங்குவதால் அது நாம் நினைப்பதைவிட முன்கூட்டியே வந்துவிடும். டூர் ஏற்பாட்டாளரிடம் இன்றே பேசி நாளை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால், சனிக்கிழமை வெளியே நின்று சுவரைக் காட்டுவதற்கு "யூதப் பேட்டை டூர்" என்று தனியாகப் பணம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். என் உறவினர் ஒருவருக்கு நடந்தது அதுதான்.

அக்கா, படங்களில் பார்த்தால் விலை உயர்ந்த கடைகளும் அழகான மாடிக் கட்டடங்களும்தான் தெரிகின்றன. பழைய பேட்டை எங்கே? (பெங்களூரு)

இடித்துவிட்டார்கள், தம்பி. இடித்தது நாஜிகள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இடித்தது பிராக் நகராட்சி. 1893இல் வந்த சட்டத்தின் பேரில், சுகாதாரம் என்ற பெயரில், சந்து சந்தாக இருந்த வீடுகளைத் தரைமட்டமாக்கி, பாரிஸ் நகரத்தைப் பார்த்து அகலமான தெருக்கள் போட்டார்கள். நீங்கள் படத்தில் பார்க்கும் கடைத்தெருவுக்குப் பெயரே பாரிஸ் தெரு. இடிப்பதற்கு முன்பே வசதியான யூதக் குடும்பங்கள் வெளியேறி, எல்லா மதத்து ஏழைகளும் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். மிஞ்சியது ஆறு ஜெப ஆலயங்கள், யூத நகர மன்றக் கட்டடம், கல்லறைத் தோட்டம், அவ்வளவுதான். யோசெஃபோவ் என்ற பெயர் இரண்டாம் யோசேப்பு பேரரசரால் வந்தது. 1780களில் யூதர்கள் மீதிருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியவர் அவர்.

நகர மன்றத்தில் இரண்டு கடிகாரங்கள் உண்டு. கீழே உள்ளதில் எபிரேய எழுத்துகள்தான் எண்கள், முள் இடமாகச் சுற்றும். எபிரேயம் வலமிருந்து இடமாக எழுதுவதால் அப்படி. பிள்ளைகளுக்கு அதைக் காட்டினால் அரை மணி நேரம் வேறு எதுவும் கேட்கமாட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் கற்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நெருக்கமாக இருக்கின்றன? பராமரிப்பு இல்லையா? (திருச்சி)

பராமரிப்பு நன்றாகவே இருக்கிறது. சிக்கல் இடம். புதைத்தவரைத் தோண்டி அகற்றுவது யூத மரபில் கூடாது. பேட்டைக்கு வெளியே நிலமும் கிடைக்கவில்லை. அதனால் பழைய கல்லறைகள் மேல் மண் கொட்டி, மேலே புதைத்தார்கள். அப்புறம் அதன் மேலும் மண். சில இடங்களில் பன்னிரண்டு அடுக்கு வரை போகிறது என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கீழே இருந்தவரின் கல்லை மேலே தூக்கி நட்டதால்தான் அந்த நெரிசல். கண்ணுக்குத் தெரியும் கற்கள் சுமார் 12,000. கீழே இருப்பவர்கள் அதைவிட மிக அதிகம். இருப்பதில் பழைய கல் 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கவிஞரும் ரபியுமான (யூத மதகுரு) அவிக்தோர் காராவுடையது. 1389இல் ஈஸ்டர் சமயத்தில் கிறிஸ்தவக் கும்பல் பேட்டைக்குள் புகுந்து நடத்திய படுகொலையைப் பற்றி அவர் எழுதிய ஒப்பாரியை இன்றும் பாவ நிவாரண நாளில் பழைய-புதிய ஜெப ஆலயத்தில் ஓதுகிறார்கள். இங்கே கடைசியாகப் புதைத்தது 1787இல்.

கைடு நடையைக் கூட்டினாலும் நீங்கள் கற்களில் உள்ள செதுக்கல்களைப் பாருங்கள். விரல்களை விரித்து ஆசி கூறும் இரு கைகள் இருந்தால் ஆசாரியர் (பழைய எருசலேம் ஆலயத்துப் பூசாரிகள்) வம்சம். நீர்க்குடம் இருந்தால், அந்தப் பூசாரிகளுக்கு உதவிய லேவியர் வம்சம். சிங்கம், மான், மீன் எல்லாம் பெரும்பாலும் இறந்தவரின் பெயரைக் குறிப்பவை. படிக்கத் தெரியாதவனுக்கும் அது இன்னார் கல் என்று தெரியும். கட்சிச் சின்னம் பார்த்து ஓட்டுப் போட்ட நமக்கு இது புதிதில்லை.

ரபி லோவ் மண்ணில் செய்த கோலெம் உண்மையில் பழைய-புதிய ஜெப ஆலயத்தின் பரணில் இருக்கிறதா? கைடு அப்படித்தான் சொன்னார். (யாழ்ப்பாணம்)

கதை நல்ல கதை. மண்ணுருவத்துக்கு உயிர் கொடுத்து, பேட்டையைக் காக்க வைத்து, அது கட்டுக்கடங்காமல் போனதும் பரணில் கிடத்தினார் என்பார்கள். ரபி யூதா லோவ் உண்மையான மனிதர், பெரிய அறிஞர், 1609இல் இறந்தார். ஆனால் அவரையும் கோலெமையும் சேர்த்துச் சொல்லும் கதை எழுத்தில் வருவது 19ஆம் நூற்றாண்டில்தான். அவருடைய மாணவர்கள்கூட அதைப் பற்றி எழுதவில்லை. பரணுக்கு யாரையும் விடுவதில்லை. வெளிச்சுவரில் இரும்புப் படிகள் தெரியும், எல்லோரும் அதைத்தான் படமெடுக்கிறார்கள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், கோலெம் பொம்மை விற்கும் வேகத்தில் கட்டடத்தைத் தவற விடுகிறார்கள். சுமார் 1270இல் கட்டியது. ஐரோப்பாவில் இன்னும் வழிபாடு நடக்கும் ஜெப ஆலயங்களில் மிகப் பழையது. தெருவிலிருந்து படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் பக்கத்து அறையில் உட்கார்ந்து, சுவரில் உள்ள ஒடுங்கிய துளைகள் வழியாக வழிபாட்டைக் கேட்பார்கள். நான் முதலில் போனபோது அந்தத் துளைகள் முன்தான் நீண்ட நேரம் நின்றேன்.

"அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்" ஒன்றை இங்கே ஹிட்லர் திட்டமிட்டதால்தான் பொருட்கள் தப்பின என்கிறார்களே? (சென்னை)

ஏறக்குறைய எல்லா கைடும் சொல்வார்கள். ஹிட்லர் அப்படி உத்தரவிட்டதற்கு ஆவணம் இல்லை. யூத அருங்காட்சியகம் 1906லேயே தொடங்கிவிட்டது. 1942இல், செக் நாட்டுப் பகுதிகளான பொஹீமியா, மொராவியா ஊர்களிலிருந்து யூதர்களை நாஜிகள் நாடு கடத்திக்கொண்டிருந்தபோது, அங்கே கைவிடப்பட்ட வழிபாட்டுப் பொருட்களைப் பிராகில் சேர்த்துக் காப்பாற்றலாம் என்ற யோசனையை வைத்தவர்கள் யூதச் சமூக அலுவலர்கள். ஜெர்மானிய அதிகாரிகள் தங்கள் கணக்குக்கு அதை அனுமதித்தார்கள். பொருட்களுக்கு அட்டவணை எழுதிய ஊழியர்களில் பெரும்பாலோர் பிறகு முகாம்களில் கொல்லப்பட்டார்கள். ஹிட்லரின் விசித்திர ஆசை என்று சொன்னால் கதை சுவாரசியமாக இருக்கும். ஆனால் அந்த ஊழியர்கள் கதையிலிருந்தே காணாமல் போய்விடுவார்கள்.

ஒன்பது வயது மகளை பின்காஸ் ஜெப ஆலயத்துக்கு அழைத்துப் போகலாமா, அக்கா? பயந்துவிடுவாளோ? (கோவை)

அழைத்துப் போங்கள். அங்கே பயமுறுத்தும் படம் எதுவும் இல்லை, சுவர் முழுக்கப் பெயர்கள்தான். பொஹீமியா, மொராவியாவில் கொல்லப்பட்ட சுமார் 78,000 யூதர்களின் பெயர்கள், ஊர் வாரியாக, குடும்பம் குடும்பமாக, கையால் எழுதியவை. ஒவ்வொருவருக்கும் பிறந்த நாளும், உயிரோடு இருந்ததாகக் கடைசியாகத் தெரிந்த நாளும் இருக்கும். அது பெரும்பாலும் ரயில் ஏற்றிய நாள். இரண்டு ஓவியர்கள் 1950களில் எழுதினார்கள். 1968இல் ஈரம் ஏறுகிறது என்று கட்டடத்தை மூடியவர்கள் இருபது வருடத்துக்கு மேல் திறக்கவில்லை, எழுத்துகளும் போயின. கம்யூனிஸ்ட் ஆட்சி போன பிறகு, 1990களில் அத்தனை பெயர்களையும் மறுபடி எழுதினார்கள்.

மாடியில், நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த டெரெசீன் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள் இருக்கின்றன. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் அவர்களுக்கு வகுப்பு எடுத்தார். 1944இல் கொலை முகாமான ஆஷ்விட்சுக்கு அனுப்பப்படுமுன் சுமார் 4,500 படங்களை இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைத்துவிட்டுப் போனார். அங்கே கொல்லப்பட்டார். வீடு, மரம், பட்டாம்பூச்சி என்று உங்கள் மகள் வரைவதைத்தான் அவர்களும் வரைந்திருப்பார்கள். அவள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், கேட்காததைச் சொல்ல வேண்டாம். அழுதால் நீங்களாகத்தான் இருக்கும்.

அதே நாளில் டெரெசீனும் போய்வரலாமா? (துபாய்)

தூரம் 60 கிலோமீட்டர்தான், பேருந்து இருக்கிறது. ஆனாலும் வேண்டாம். அங்கு மட்டும் சுமார் 33,000 பேர் இறந்திருக்கிறார்கள். காலையில் பின்காஸ், மதியம் டெரெசீன் என்றால் மனம் மரத்துப்போய், எதுவும் உள்ளே இறங்காது. தனி நாள் ஒதுக்குங்கள்.

கோஷர் உணவகம் என்றால் சைவம்தானே? நம்பிச் சாப்பிடலாமா? (மதுரை)

இல்லை. கோஷர் என்றால் யூத விதிப்படி சமைத்தது, மாட்டிறைச்சியும் கோழியும் தாராளமாக உண்டு. பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்பதால் பால் உணவகங்கள் தனியாக இருக்கும். அங்கே இறைச்சி கிடையாது, ஆனால் மீனும் முட்டையும் இருக்கும். கேட்டுவிட்டு உட்காருங்கள்.

இலவச நடை டூர் போதுமா, டிக்கெட் வாங்கிக் கைடு வைக்க வேண்டுமா? (சிங்கப்பூர்)

இலவசம் என்பதில் கடைசியில் டிப்ஸ் தர வேண்டும், உள்ளே எதற்கும் அழைத்துப் போகமாட்டார்கள். கடிகாரமும் கடைத்தெருவும் பார்ப்பதற்கு அது போதும். உள்ளே போக அருங்காட்சியக டிக்கெட் வேண்டும். பழைய-புதிய ஜெப ஆலயம் அருங்காட்சியகத்துடையது இல்லை, யூதச் சமூகத்துடையது. அதனால் டிக்கெட்டில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும், தொப்பி அங்கேயே கிடைக்கும்.

காஃப்கா கல்லறை அந்தத் தோட்டத்தில்தானே? பூ வாங்கிப் போகலாமா? (புதுச்சேரி)

அந்தத் தோட்டத்தில் 1787க்குப் பிறகு யாருமில்லையே. எழுத்தாளர் காஃப்கா புதிய யூதக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார், மெட்ரோ ஏ வழித்தடத்தில் ஷெலிவ்ஸ்கேஹோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே வாசல். பெற்றோருடன் ஒரே கல்லறை. கீழே ஒரு பலகையில் அவருடைய மூன்று தங்கைகளின் பெயர்கள் இருக்கும். மூவரும் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். அவர்களில் ஓட்லா, டெரெசீனில் இருந்த குழந்தைகளுக்குத் துணையாகத் தானாக முன்வந்து ஆஷ்விட்ச் ரயிலில் ஏறினார்.

பூ வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை, கூழாங்கல்தான் வைப்பார்கள். வரும் வழியில் ஒன்றைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கல்லறை மேல் இருப்பதை எடுத்து வைக்காதீர்கள், அது வேறு யாரோ வைத்துவிட்டுப் போனது.