சுவர்ப் பழுதுக்கு ஓய்வுக்காலப் பணமா?

கேள்வி: நியூயார்க், கீழ் மன்ஹாட்டனில் 1930-களில் கட்டி, பிறகு குடியிருப்பாக மாற்றிய ஓர் அலுவலகக் கோபுரத்தில் ஒரு படுக்கையறை வீடு வாங்கி ஐந்து வருடம் ஆகிறது. ஐடி வேலையில் கைக்கு வரும் சம்பளம் மாதம் 10,500 டாலர். மாதச் செலவுக் கணக்கைத் தனியாக எழுதியிருக்கிறேன். வெளிச்சுவர் பழுதுக்குக் குடியிருப்புச் சங்கம் கேட்ட 35,000 டாலரை, 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் கடன் எடுத்துக் கட்டினேன். இப்போது இன்னும் 15,000 கேட்கிறார்கள். அதையும் அங்கேயே எடுக்கலாமா? வங்கியில் 20,000 இருக்கிறது. ஆனால் நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் அண்ணன் சொன்ன டோக்கன் ரியல் எஸ்டேட் திட்டத்துக்காக (கட்டடத்தின் பங்குகளை டிஜிட்டல் டோக்கன்களாக விற்பது) வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, எடுக்காதீர்கள். உங்களுக்குக் கேடு அந்த வீடு இல்லை. சங்கத்திலிருந்து கடிதம் வந்தாலே 401(கே)-யைத் திறக்கும் பழக்கம்தான்.

நீங்கள் எழுதியிருக்கும் கணக்கையே பாருங்கள். வீட்டுக்கடன் தவணை 3,950, மெயின்டனன்ஸ் 1,700, சொத்து வரி 1,300, பழைய 401(கே) கடனுக்குச் சுமார் 700. இதிலேயே 7,650 போய்விடுகிறது. மிச்சம் 2,850. புதுக்கடன் எடுத்தால் மாதம் இன்னொரு 300 குறையும். அதைவிடப் பெரிய ஆபத்து வேலை போனால் வரும். பாக்கியை அந்த வருட வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கட்டவில்லை என்றால் அது வருமானமாகிவிடும். அதற்கு வரி, ஐம்பத்தொன்பதரை வயது ஆகாதவருக்கு மேற்கொண்டு 10 சதவீத அபராதம். ஐடி துறையில் வேலை எவ்வளவு எளிதாகப் போகும் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, இந்தச் செலவு இத்தோடு நிற்காது. நியூயார்க்கில் ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். பழைய கோபுரத்தில் ஒவ்வொரு சோதனையும் ஏதாவது செலவைக் கிளப்பும். பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்த கட்டடம் என்றால், வெளிப்புறத்தில் கைவைக்க நகரத்தின் அனுமதியும் வேண்டும்.

அண்ணன், "மன்ஹாட்டன் சரித்திரக் கட்டடம் விலை இறங்காது" என்கிறாராம். அதே கீழ் மன்ஹாட்டனில் 1913-இல் திறந்த உல்வொர்த் கட்டடத்தைச் சொல்லுங்கள். ஒரு காலத்தில் உலகிலேயே உயரமான கட்டடம். அதன் உச்சி வீட்டுக்கு 2017-இல் 110 மில்லியன் டாலர் கேட்டார்கள். கடைசியில் சுமார் 30 மில்லியனுக்குத்தான் போனது. அண்ணன் மேல் மரியாதை இருக்கட்டும், அதற்காக அவர் சொன்ன திட்டத்தில் பணம் போட வேண்டாம். டோக்கனோ வேறு பெயரோ, அவசரத்துக்கு விற்க முடியாத சொத்துதான் அதுவும். ஏற்கெனவே உங்கள் பணமெல்லாம் ஒரே கட்டடத்தில் முடங்கிக் கிடக்கும்போது இன்னொன்று எதற்கு?

சரி, 15,000-க்கு என்ன வழி? சங்கத்திடம் தவணை கேளுங்கள். பன்னிரண்டு மாதம் என்றால் 1,250. அதில் 500-ஐச் சம்பளத்திலிருந்தும் 750-ஐ அந்த 20,000-லிருந்தும் கொடுங்கள். வருடக் கடைசியில் கையில் 11,000 மிஞ்சும், பழைய கடனும் குறைந்திருக்கும். தவணைக்கு வட்டி போட்டால் மொத்தத்தையும் இப்போதே கட்டிவிட்டு, அந்த 500-ஐ மாதாமாதம் வங்கியில் சேருங்கள்.

அப்புறம், சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், பொறியாளர் அறிக்கை, கையிருப்பு நிதிக் கணக்கு மூன்றையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். அடுத்த சோதனைக்குள் இன்னொரு பெரிய பழுது வரும் என்று அறிக்கை சொன்னால், விற்பதைப் பற்றி அந்த மாதமே ஒரு முகவரிடம் பேசுங்கள்.