துக்காராம் வாளெடுத்தால் யாருக்கு இழுக்கு?

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் விடுமுறை முழுவதும் 'பிளேட் ஆஃப் டார்க்னஸ்' என்ற பழைய கணினி விளையாட்டிலேயே கிடக்கிறான். அதில் காட்டுமிராண்டி ஒருவன் எதிரியின் கையை வெட்டி, அந்தக் கையையே எடுத்து அடுத்தவனை அடிக்கிறான். அவனுக்குப் பெயர் துக்காராம்! அபங்கம் என்ற பக்திப் பாடல்களைப் பாடிய மகானை இழிவுபடுத்தும் இந்த விளையாட்டைத் தடை செய்யச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டாமா?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: யாரைத் தடை செய்வது என்று முதலில் சொல்லுங்கள். 2001-இல் அதை உருவாக்கிய மாட்ரிட் நகரத்து ரெபெல் ஆக்ட் ஸ்டூடியோஸ் அதன்பின் வெகுநாள் நீடிக்கவில்லை. அங்கிருந்தவர்களில் சிலர் மெர்க்யூரிஸ்டீம் என்ற புது நிறுவனம் தொடங்கி வேறு விளையாட்டுகளுக்குப் போய்விட்டார்கள். 2021-இல் மறுவெளியீடு கண்டதால்தான் அது உங்கள் வீட்டுக் கணினிவரை வந்திருக்க வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அந்த விளையாட்டில் நாயகர்கள் நான்கு பேர். கவச வீரனின் பெயர் சார்கன். அது பழைய அக்காது நாட்டு மன்னனின் பெயர். குள்ளனின் பெயர் நாக்ல்ஃபார். வடஐரோப்பியப் புராணத்தில் அது ஆளின் பெயரே அன்று, இறந்தவர்களின் நகங்களால் கட்டிய ஒரு கப்பலின் பெயர். கப்பலைக் குள்ளனாக்கியவர்கள், 17-ஆம் நூற்றாண்டு மராத்தியக் கவியைக் குறிவைத்து அவமதித்தார்கள் என்பது அவர்களுக்கு இல்லாத படிப்பை நாம் ஏற்றிச் சொல்வதாகும். காதுக்கு முரட்டு ஓசையாகப் பட்ட பெயர்களைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்றே நான் கொள்கிறேன்.

எனக்கு உறுத்துவது தாங்கள் சர்வசாதாரணமாக எழுதிய 'காட்டுமிராண்டி' என்ற சொல். ஆங்கிலத்தில் அவனைக் குறிக்கும் 'பார்பேரியன்' கிரேக்கத்திலிருந்து வந்தது. தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களின் பேச்சு 'பர் பர்' என்று கேட்டதாம், அதனால் அவர்கள் 'பார்பரோஸ்' ஆனார்கள். அந்தக் கிரேக்கர்களை நம்மவர்கள் என்னவென்று அழைத்தார்கள் தெரியுமா? இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனர்களைப் பிடித்துக் கையைப் பின்னால் கட்டித் தலையில் நெய்யை ஊற்றினான் என்று கூறும் பதிற்றுப்பத்துப் பதிகம், அவர்களை 'வன்சொல் யவனர்' என்கிறது. சேரநாட்டுக் காதில் அவர்கள் பேச்சும் 'பர் பர்'தான். இன்றைக்கும் கேரள எல்லையிலுள்ள உங்கள் ஊர்ச் சந்தையில் நம் தமிழைக் கேட்டதும் 'பாண்டி' என்று உதட்டைச் சுழிப்பவர்கள் உண்டு. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்துவிட்டால் அவர்கள் மலையாளத்தை நாம் பழித்துக்காட்டுகிறோம். எல்லையில் குடியிருப்பவர் அந்தச் சொல்லைச் சற்று யோசித்துப் பயன்படுத்தலாம்.

விளையாட்டைத் தாங்கள் மகனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்கள், ஆடிப் பார்க்கவில்லை. என் தங்கை மகன் புண்ணியத்தில் நான் ஆடினேன், முதல் கால் மணி நேரத்தில் ஐந்து முறை செத்தேன். துக்காராமின் இருகை வாள் கனமானது. ஓங்கினால் இறங்குவதற்குள் எதிரி விலகிவிடுகிறான், கண்டபடி வீசினால் தெம்பைக் காட்டும் கோடு வற்றிப்போய் அவன் கை ஓய்ந்து நிற்கிறான், அந்த நேரத்தில் எதிரில் இருப்பவன் சாவதானமாக வந்து வெட்டுகிறான். ஆறாவது முறை நான் ஒரு அடி பின்வாங்கி, அவன் வாள் காற்றை வெட்டும்வரை பொறுத்திருந்து, அதன்பின் ஒரே ஒரு வீச்சு வீசினேன். பொறுமை கெட்டவனுக்கு அங்கே பிழைப்பில்லை. தீவட்டி வெளிச்சத்தில் சுவரில் ஆடும் நிழலைப் பார்த்தே மூலையில் ஒருவன் பதுங்கியிருப்பதை அறிய முடிகிறது; 2001-இல் அது பெரிய வேலை.

ரத்தம் அதிகம் என்பதை மறுக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு நானும் அதைத் தர மாட்டேன். உங்கள் மகனோ கல்லூரி மாணவன். அவன் இரவெல்லாம் விழித்திருப்பதுதான் குறை என்றால் அதை அவனிடமே நேராகச் சொல்லுங்கள். அதற்கு மகானைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. சொல்வதற்கு முன் ஒரு மாலை அவனருகில் அமர்ந்து தாங்களும் ஆடிப் பாருங்கள். சார்கனைத் தேர்ந்தெடுங்கள், அவனிடம் கேடயம் இருக்கிறது, புதியவர்களுக்கு அவன்தான் தோது.