"ஐம்பது விமர்சனம் போட்டுத் தருவாயாம்மா?"

கேள்வி: பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வார இறுதிகளில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா கடைகளுக்கு கூகுள் விமர்சனங்களைக் கவனித்துக் கொடுக்கும் பகுதிநேரத் தொழில் தொடங்க எண்ணம். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பிழையில்லாமல் எழுதுவேன். முதலில் பேசிப் பார்த்த துணிக்கடைக்காரர், "ஐந்து நட்சத்திரத்தில் ஐம்பது விமர்சனம் போட்டுத் தருவாயாம்மா, எவ்வளவு கேட்பாய்?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன். எப்படித் தொடங்குவது, என்ன கட்டணம் கேட்பது, பதிவு ஏதும் வேண்டுமா? (வாசகி, பிறை)

பதில்: சகோதரி, துணிக்கடைக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதிலிலிருந்தே தொடங்குகிறேன். "முடியாது அண்ணே." அவ்வளவுதான். அதைக் கோபப்படாமல் சொல்லுங்கள். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். பக்கத்துக் கடைக்கு நானூறு விமர்சனம் இருப்பதைப் பார்த்து வயிறு எரிந்தவர். அந்த எரிச்சல்தான் நாளை உங்களுக்கு வேலை தரப்போகிறது.

ஏன் முடியாது என்று அவர் கேட்பார். காசு, தள்ளுபடி, இலவசப் பொருள் என எதைக் கொடுத்தும் விமர்சனம் வாங்கக் கூடாது என்பது கூகுளின் விதி. முதலாளியோ ஊழியரோ சொந்தக் கடைக்கே எழுதுவதும் கூடாது. பிடிபட்டால் அந்த விமர்சனங்கள் நீக்கப்படும். சில காலத்துக்குப் புதிய விமர்சனமே வராதபடி அடைத்துவிடலாம். போலி விமர்சனங்கள் நீக்கப்பட்டன என்ற அறிவிப்பும் கடையின் பக்கத்தில் தொங்கலாம். தராசு பொய் என்று கடைவாசலில் தானே பலகை மாட்டிக்கொள்வதைப் போன்றது அது. நம் மலேசியாவில் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, வாணிப விவரிப்புச் சட்டம் 2011 ஆகியவை பொய்யான, திசைதிருப்பும் கூற்றுகளைத் தடுக்கின்றன. வழக்கு என்று வந்துவிட்டால், "அந்தப் பெண்தான் செய்து கொடுத்தாள்" என்று விரல் உங்கள் பக்கம்தான் நீளும்.

இதைவிட நுட்பமான தவறு ஒன்று உண்டு. "விமர்சனம் எழுதினால் ஒரு தே தாரேக் இலவசம்" என்று மேசையில் அட்டை வைப்பார்கள். அல்லது முகம் மலர்ந்து போகிறவர்களிடம் மட்டும் எழுதச் சொல்லிவிட்டு, முகம் சுளித்தவரைப் பேசாமல் அனுப்புவார்கள். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் செய்கிறார்கள். ஆனால் இரண்டும் விதிமீறல். கேட்டால் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

சரி, முடியாது என்று சொன்ன கையோடு எதைக் கொடுப்பது? நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், ஆகவே கணக்கைக் காட்டுங்கள். இருபது விமர்சனத்துடன் 4.5 சராசரியில் நிற்கும் கடைக்கு ஓர் ஒற்றை நட்சத்திரம் விழுந்தால் சராசரி 4.3 ஆகிவிடும். இருநூறு விமர்சனம் உள்ள கடைக்கு அதே ஒற்றை நட்சத்திரம் விழுந்தாலும் 4.5 அப்படியே நிற்கும். நாற்பது விமர்சனத்துடன் 3.8இல் இருக்கும் கடை 4.2க்கு ஏற வேண்டுமானால், இடையில் ஒரு குறையும் வராமல் இருபது பேர் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். நாளுக்கு முப்பது பில் போடும் துணிக்கடையில், நூறு பேரில் இருவர் எழுதினாலே மாதத்துக்குப் பதினெட்டு நேர்மையான விமர்சனம் கிடைக்கும். ஐம்பது கேட்டவருக்கு மூன்றே மாதம். விமர்சனம் எழுதுவதற்கான இணைப்பையும் கியூஆர் குறியீட்டையும் கூகுள் இலவசமாகவே தருகிறது. அதை அச்சடித்துக் கல்லாவிலும் துணிப்பையிலும் ஒட்டுவது உங்கள் முதல் வாரத்து வேலை.

இனி அன்றாட வேலை. விமர்சனத்துக்குப் பதில் எழுதுவதுதான் தொழில் என்று பலர் நினைக்கிறார்கள். பதில் எழுதப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் கடைக்குள் போய் உண்மையில் என்ன நடந்தது என்று கேட்டு வருவதில்தான் உங்கள் கூலி இருக்கிறது. இதை நான் பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்குப் புதியவனாக இருந்தபோது ஓர் அழகு நிலையத்தின் பக்கத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன். முடிச்சாயத்தால் நெற்றி தடித்துவிட்டது என்று ஒரு பெண் எழுதியிருந்தார். யாரையும் கேட்காமல், "எங்கள் தவறுக்கு வருந்துகிறோம்" என்று மிக நாகரிகமாகப் பதில் போட்டேன். மறுநாள் காலை முதலாளியம்மா தொலைபேசியில் பிடித்த பிடி இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண் போனது இரண்டு தெரு தள்ளி, ஏறக்குறைய இதே பெயர் கொண்ட வேறு கடைக்கு! பதிலை உடனே அழித்தேன். அதற்குள் அது படமாக வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவிட்டது. நம் கடைப்பெயர்களில் பாதிக்கு மேல் ஸ்ரீயும் சரஸ்வதியும் லட்சுமியும்தானே; இந்தக் குழப்பம் உங்களுக்கும் வரும்.

ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். "மீன் விலையைச் சொல்லவே இல்லை, பில்லைப் பார்த்துத் தூக்கிவாரிப்போட்டது" என்று இரண்டு நட்சத்திரத்துடன் ஒருவர் எழுதுகிறார். முதலாளிக்கு வரும் முதல் பதில், "எல்லோருக்கும் ஒரே விலைதான், கட்டுப்படியாகாதவர்கள் வர வேண்டாம்" என்பதாக இருக்கும். இயந்திரத்திடம் எழுதக் கொடுத்தால், "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, உங்கள் திருப்தியே எங்கள் குறிக்கோள்" என்று பாகு ஊற்றும். முன்னது ஆளை விரட்டும், பின்னதை யாரும் நம்ப மாட்டார்கள். அதே வரியை முப்பது பேருக்கும் ஒட்டி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

நான் இப்படி எழுதுவேன்: "மீனின் அளவைப் பொறுத்து விலை மாறும் என்பதை நீங்கள் எடுக்கும் முன்பே எங்கள் ஊழியர் சொல்லியிருக்க வேண்டும். நேற்றிலிருந்து மீன் தட்டுக்குப் பக்கத்திலேயே விலைச்சீட்டு வைத்திருக்கிறோம். அடுத்த முறை வரும்போது கல்லாவில் என்னைக் கேளுங்கள்." இதில் நடு வரிதான் உயிர். அது உண்மையாக இருக்க வேண்டும். சீட்டை வைக்கச் செய்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். முதலாளி சீட்டு வைக்க மறுத்தால் அந்த வரியை எழுதாதீர்கள். அடுத்த மாதமும் மீன் பற்றியே புகார் வந்தால், அந்தக் கடையின் வேலையை விடுவதா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்குங்கள்.

பதில் எழுதுவதால் பயன் உண்டா என்று கேட்கும் முதலாளிகளுக்குச் சொல்ல ஓர் ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநில ஹோட்டல்களை வைத்து 2017இல் வெளியான அந்த ஆய்வில், டிரிப்அட்வைசர் என்ற பயண விமர்சனத் தளத்தில் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களுக்கு விமர்சன எண்ணிக்கை 12 விழுக்காடும் மதிப்பீடு 0.12 நட்சத்திரமும் கூடின. 0.12 என்பது பெரிய தொகை அல்ல, அதை ஊதிப் பெரிதாக்கி விற்காதீர்கள். எனக்குச் சுவையாகப்பட்டது வேறு: நிர்வாகம் படிக்கிறது என்று தெரிந்ததும் குறை சொல்பவர்கள் எண்ணிக்கையில் குறைந்தார்கள், எழுதியவர்களோ நீளமாக, விவரமாக எழுதினார்கள். அந்த நீளமான புகாரில்தான் கடைக்கு வேண்டிய தகவல் கிடக்கிறது.

எழுதிய மொழியிலேயே பதில் சொல்லுங்கள். மலாயில் குறை சொன்னவருக்கு ஆங்கிலத்தில் பதில் போனால் முதலாளி படிக்கவே இல்லை என்று தோன்றும். சீனத்தில் வந்தால் மொழிபெயர்ப்பை மட்டும் நம்பாமல் அலுவலகத் தோழி ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் கப்பல் இறங்கியவர்கள் நடந்தே லிட்டில் இந்தியாவுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் எழுதுவதைப் படித்துத்தான் அடுத்த கப்பல்காரர் மதியம் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்வார். சாப்பாடு வரவழைக்கும் கிராப்ஃபூட், சீனச் சமூக ஊடகமான சியாவ்ஹொங்ஷு, தங்குமிடம் பதியும் அகோடா எல்லாம் தனித்தனி உலகங்கள். முதல் ஆறு மாதம் கூகுளைத் தாண்டாதீர்கள்.

வாடிக்கையாளரைப் பற்றிய எந்த விவரத்தையும் பதிலில் வெளியிடக் கூடாது. "நீங்கள் போன மாதம் கடனில் வாங்கிய புடவைதானே" என்று எழுதினால் முதலாளிக்கு மனம் ஆறும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 குறுக்கே நிற்கும். பில் புத்தகத்தில் இருக்கும் கைப்பேசி எண்களைத் திரட்டி, விமர்சனம் கேட்டு வாட்ஸ்அப் அனுப்புவதும் அப்படித்தான். வாடிக்கையாளர் சம்மதம் வேண்டும். "பொய் சொல்கிறீர்கள்" என்று யாரையும் எழுத வேண்டாம், அவதூறுச் சட்டம் இரு பக்கமும் வெட்டும். போட்டிக் கடைக்காரர் எழுதியது போலவோ வசைமொழியாகவோ இருந்தால் விதிமீறல் என்று கூகுளிடம் புகார் செய்யலாம். பிடிக்காத விமர்சனம் என்பதற்காக மட்டும் எதையும் நீக்க முடியாது. இதை ஒப்பந்தத்தின் முதல் வரியாகவே எழுதுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

கடவுச்சொல்லைக் கேட்டு வாங்காதீர்கள், தந்தாலும் வாங்காதீர்கள். கூகுளில் கடைக்கென இருக்கும் பக்கமான கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உரிமையாளர் என்றும் மேலாளர் என்றும் தனித்தனி நிலைகள் உண்டு. உங்களை மேலாளராகச் சேர்த்தால் போதும். பதில் எழுதலாம், நேரத்தை மாற்றலாம், படம் ஏற்றலாம்; ஆனால் உரிமை முதலாளியிடமே இருக்கும். பல கடைகளில் பக்கத்தை யார் திறந்தார்கள் என்பதே தெரியாது. முன்பு வேலை செய்த பையனின் மின்னஞ்சல், அவன் இப்போது சிங்கப்பூரில். அப்போது உரிமை கோரி விண்ணப்பிக்க வேண்டும். தெரு, பெயர்ப்பலகை, கடையின் உள்ளே எல்லாம் தெரிய ஒரு காணொளி எடுத்துக் காட்டச் சொல்வதும் உண்டு. வீட்டிலிருந்து முடியாது, முதலாளியுடன் கடையில் நின்றுதான் செய்ய வேண்டும். அதே மூச்சில் விடுமுறை நேரங்களையும் திருத்திவிடுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போவதற்காகக் கடையைப் பூட்டிவிட்டு, கூகுளில் மட்டும் திறந்திருப்பதாகக் காட்டி வாங்கும் ஒற்றை நட்சத்திரங்களைப் போல வீணானவை வேறில்லை.

கட்டணத்துக்கு வருவோம். சின்னக் கடைக்கு மாதம் பதினைந்து விமர்சனம் என்று வைத்தால், பத்து நிமிடம் வீதம் இரண்டரை மணி நேரம். கடைக்கு ஒரு நடை, ஒரு மணி நேரம். மாத முடிவில் ஒரு பக்க அறிக்கை, இன்னொரு மணி நேரம். ஆக நாலரை மணி நேரம். மணிக்கு 40 ரிங்கிட் என்றால் மாதம் 180. இதற்குக் கீழே இறங்காதீர்கள். தொடக்கத்தில் பக்கத்தைச் சீராக்கித் தருவதற்குத் தனியாக ஒரு தொகை கேளுங்கள், என் கணிப்பில் 200 ரிங்கிட் நியாயம். நட்சத்திரக் கணக்கில் கூலி பேசவே வேண்டாம். பேசினால் ஐம்பது போட்டுத் தருவாயா என்ற இடத்துக்கே திரும்பி வந்து நிற்பீர்கள். ஐந்து கடை என்றால் மாதம் இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். முழுநேர வேலையுடன் அதற்கு மேல் தாங்காது, ஆறாவது கடைக்காரர் வரும்போது காத்திருக்கச் சொல்லுங்கள்.

பதிவு கட்டாயம். தொழில் பதிவுச் சட்டம் 1956இன்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 ரிங்கிட், தொழிற்பெயர் வைத்தால் 60 ரிங்கிட். அந்த ஆணையத்தின் எஸ்பிஸ் (EzBiz) இணையதளத்தில் வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். தொழில் வருமானம் வந்துவிட்டால் வருமான வரிக்கு இதுவரை நிரப்பிய பிஇ பாரம் போதாது, பி பாரத்துக்கு மாற வேண்டும். கணக்குகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அதற்கு முன், உங்கள் வேலை ஒப்பந்தத்தில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அரசு ஊழியராக இருக்கும் வாசகர்கள் முன் அனுமதி பெறாமல் இதில் இறங்கவே கூடாது.

துணிக்கடைக்காரரிடம் திரும்பப் போங்கள், ஆனால் வெறுங்கையுடன் வேண்டாம். அவர் கடைக்குக் கடைசியாக வந்த பத்து விமர்சனங்களை அச்சடித்து, பதில் போடாதவற்றில் மூன்றுக்கு நீங்களே பதில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சனிக்கிழமை மதியக் கூட்டம் கலைந்த பிறகு, மூன்று மணிவாக்கில், கல்லாவில் அவர் மட்டும் இருக்கும்போது நீட்டுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில் மட்டும் அந்தப் பக்கம் தலைகாட்டாதீர்கள், நீங்கள் புடவை வாங்க வந்ததாக நினைத்து மாடிக்கு அனுப்பிவிடுவார்.